தொலைவும் காலமும்: திருகோணமலைத் துறைமுகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையிலுள்ள தொலைவைத் தேசப்படம் ஒருவகையாகவும் பயணி வேறொருவகையாகவும் அளக்கின்றனர். தேசப்படத்திலே திருகோணமலைக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோடொன்றை வரைந்தால் அது ஏறத்தாழ 510 கிலோமீற்றர் நீளமுடையதாக இருக்கும். இக்காலப் பயணிகள் விமானமொன்று அத்தூரத்தை ஒரு மணி நேரமளவிற் கடந்துவிடும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 240 கிலோமீற்றராகும். விமானத்துக்கு இது முக்கால் மணி முதல் ஒரு மணி வரையான பயணம். இக்கணக்குகளிற் பிழையில்லை. ஆயினும், இவற்றை மட்டும் கொண்டு திருகோணமலையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முற்படுவோர் ஏமாற்றமே அடைவர். அத்துறைமுகத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தீர்மானித்தவை மைற்கணக்குகள் அல்ல. எக்காற்றில், எத்தனை நாளில், யாருடைய தேவைக்காக அது அடையப்பட்டது என்பதே அவற்றைத் தீர்மானித்தது. இவ்வுண்மையைச் சில வரலாற்று நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாய்க்கப்பற் காலத்திலே தொலைவின் தலைவன் காற்றே. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என நமது கடற்றொழிலாளர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வைத்திருப்பது வெறும் சொல்வளத்தின் பொருட்டன்று. எந்தக் காற்றில் எந்தத் துறைக்குச் செல்லலாம், எந்தத் துறையை விட்டு அகலவேண்டும் என்ற அறிவே அப்பெயர்களில் அடங்கியுள்ளது. சோழமண்டலக் கரை நெடுகிலும் பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் ஒன்றுமில்லை. சென்னையில் வந்த கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் பொருள்களையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகளே. ஒக்டோபர் நடுப்பகுதியில் வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கியதும் அங்கு நிற்பது உயிருக்கே உலையாகும். திருகோணமலையோ மலைகளாலும் தீவுகளாலும் சூழப்பெற்ற ஆழமான உட்குடாவை உடையது. இரு பருவக்காற்றுகளின்போதும் கப்பல்கள் அதனுள் அச்சமின்றி நிற்கலாம். சென்னையின் குறையே திருகோணமலையின் பெருமைக்குக் காரணமாயிற்று என்று கூறுவது மிகையாகாது.

இவ்வுறவின் முற்பட்ட சான்றொன்றைக் கொட்டியாரக் குடாவிலே காண்கிறோம். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே சோழமண்டலக் கரையில் வீசிய புயலிற் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரத்துக்கு வந்து சேர்ந்தது. அக்குடா அக்காலத்திற் கண்டியரசின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது. கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் வேறு சிலரும் 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டுக் கண்டி நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை அங்கேயே இறந்தார். மகன் 1679இல் மேற்குக் கரையிலுள்ள அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். கொட்டியாரத்திலிருந்து கரை மாறிக் கரை சேர அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. சில நாட் காற்றுக்கு ஒதுங்க வந்த இடத்தில் வாழ்நாளின் ஒரு பகுதியே கழிந்தது. அரசன் வழிவிடாதபோது தூரத்தை அளக்க எந்த அளவுகோலும் உதவாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கூறல் அரிது.

இனி, 1782ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நோக்குவோம். அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். பிரான்சியத் தளபதி சப்ரன் அதன் பெறுமதியை நன்கு உணர்ந்தவர். ஓகஸ்ட் மாதத்திலே மட்டக்களப்பிலிருந்து வடக்கே வந்த அவர் படைகளை இறக்கி முற்றுகையிட்டார். அம்மாத இறுதியில் இரு கோட்டைகளும் அவர் வசமாயின. சென்னையிலிருந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வேட் கியூஸ் ஓகஸ்ட் 20ஆம் நாள் புறப்பட்டார். அப்பொழுது தெற்கிலிருந்து வீசிய எதிர்க்காற்றினால் மிகவும் தாமதமுற்று, செப்ரெம்பர் 2ஆம் நாள் இரவே அவர் திருகோணமலையை அண்மினார். விடிந்ததும் அவர் கண்டது கோட்டைகளின்மீது பறந்த பிரான்சியக் கொடியை.

இப்பயணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் பயனுடையது. 510 கிலோமீற்றர் நேர்தூரத்தைக் கடக்கப் பதின்மூன்று நாட்கள் சென்றன. அஃதாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். உடல்வலிமை உள்ளவனொருவன் தரையிலே நடந்து செல்லும் வேகம் இதுவேயாகும். உலகின் வலிமைமிக்க கடற்படைகளில் ஒன்று, எதிர்க்காற்றிலே, நடைப்பயணியின் வேகத்துக்குத் தாழ்ந்துவிட்டது. இரண்டொரு நாட்கள் முந்தியிருப்பின் போரின் போக்கே மாறியிருக்கக்கூடும். செப்ரெம்பர் 3ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே நிகழ்ந்த கடற்போர் இரு தரப்புக்கும் பெருஞ் சேதத்தை விளைவித்ததாயினும் துறைமுகம் சப்ரனிடமே எஞ்சியது.

அதன் விளைவு ஒக்டோபரிலே புலனாயிற்று. சென்னைக்கு மீண்ட கியூஸ், வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கியதும் ஒதுங்க வேறிடமின்றி, இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றிப் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. டிசம்பரிலேயே அவர் பம்பாயை அடைந்தார். திருகோணமலை தம்மிடம் இருந்திருப்பின் சில நாட் பயணத்திற் கிட்டியிருக்கும் பாதுகாப்புக்கு ஆங்கிலேயர் மாதக்கணக்கிலே விலை கொடுத்தனர். அத்துறை கைம்மாறிய அன்றே சென்னைக்கும் அதன் அடுத்த புகலிடத்துக்கும் இடையேயான தூரம் பன்மடங்காயிற்று. 1783–84இல் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கைகளின்படி திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் அதனை மறுபடியும் கைப்பற்றியபோது, இனி விடுவதில்லை என்ற உறுதியோடேயே கைப்பற்றினர்.

கடல்வழி இவ்வாறிருக்க, தரைவழி எவ்வாறிருந்தது? அதே 1782ஆம் ஆண்டு பெப்ருவரியில், சென்னை ஆளுநரின் தூதுவராகிய கியூ பொயிட் திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார். காட்டு வழி, மழை, காய்ச்சல் என்பவற்றோடு அரசவையின் அனுமதிக்காக ஆங்காங்கே காத்திருத்தலும் சேர, அவர் அரசனைக் காண ஏறத்தாழ ஒரு மாதம் சென்றது. இத்தாமதத்தை நாகரிகக் குறைவு எனக் கருதுதல் தவறு. கடற்கரை முழுவதையும் அந்நியரிடம் இழந்துவிட்ட மலைநாட்டு அரசுக்குக் கடினமான பாதையே அரணாகும். தூதுவரை வழியிலே காக்கவைப்பது அவ்வரணின் வாயிலைக் காப்பதற்கு ஒப்பானது. பாதை இன்மையும் ஓர் அரசியற் கொள்கையாக இருக்கமுடியும் என்பதை மாணவர் இங்குக் கருத்திற் கொள்ளவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவிக் கப்பல் காற்றின் ஆட்சியை முறியடித்தது. கப்பல் இனிப் பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நிலக்கரிக்காகக் காத்திருக்க வேண்டும். 1869இல் சூயெசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவிலிருந்து கீழைநாடுகளுக்குச் செல்லும் நெடுவழி இலங்கையின் தென்மேற்குக் கரையை ஒட்டி அமைந்தது. அவ்வழியிலிருந்து திருகோணமலை விலகியே நின்றது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்பு அலைதடுப்புச் சுவர் 1885இல் முற்றுப்பெற்றபோது, இயற்கை கொடாத துறைமுகத்தை மனிதன் கல்லாற் கட்டிக்கொண்டான். தேயிலையும் பணமும் கொழும்பிலே குவிந்தன. பெருங்கப்பல்கள் பாக்கு நீரிணையின் ஆழமின்மையால் வடக்குவழி செல்லவியலாதவை. அவை கொழும்பிலிருந்து திருகோணமலைக்குத் தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றியே வரவேண்டும். அது நேர்கோட்டுத் தூரத்தின் இரு மடங்கிலும் கூடியதாகும். எனவே உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று வணிகரின் கண்ணில் ஒதுக்கிடமாயிற்று. கடற்படையும் ஒரு காலத்தில் அதனைக் கைவிட்டது. பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களைத் தாயகத்துக்கு அண்மையிற் குவிக்க முற்பட்ட 1905ஆம் ஆண்டளவில் திருகோணமலைக் கப்பற்பட்டறை மூடப்பட்டது. துறைமுகத்தின் ஆழம் ஓர் அங்குலமும் குறையவில்லை. குறைந்தது அதன் அண்மையே.

முதலாம் உலகப்போரின் பின்னர் எண்ணெய் நிலக்கரியின் இடத்தைப் பிடித்ததும் நிலைமை மறுபடியும் மாறியது. சீனன்குடாவை அடுத்த காட்டிலே ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1927இல் கல்லோயாச் சந்தியிலிருந்து புகையிரதப் பாதை திருகோணமலையை வந்தடைந்தது. தலைநகருக்குச் செல்லும் பயணம் ஓர் இரவுக்குள் அடங்கியது இதனாலேயாகும். வடக்கே மாகோ வரை சென்று கிழக்கே திரும்பும் அப்பாதையின் நீளம் முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றே குறைவானது. நேர்தூரத்தைவிட அது ஏறக்குறைய கால்பங்கு கூடியது. எனினும், மாட்டுவண்டியிற் பல நாள் சென்ற வழியை உறங்கியெழுவதற்குள் கடக்கமுடிந்தது என்பது அம்மாவட்ட மக்களுக்குப் பெரும் மாற்றமேயாம்.

விமானத்தின் வருகை இவற்றினும் விந்தையானது. 1935 நவம்பரில் இரத்மலானையில் வந்திறங்கிய முதலாவது விமானம் சென்னையிலிருந்தே வந்தது. 1938இல் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே விமானத் தபாற் சேவை தொடங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இவ்வழியின் அமைப்பை உற்றுநோக்குதல் வேண்டும். பாய்க்கப்பற் காலத்திலே சென்னையின் இணைத்துறையாக விளங்கிய திருகோணமலை இவ்வான்வழியில் இடம்பெறவில்லை. அங்கு விமானத்தளம் இல்லாமலன்று. சீனன்குடாவில் விரிந்த ஓடுபாதை இருந்தது. ஆனால் அது போருக்கென அமைந்த தளம்.

அத்தளத்தின் வழியே திருகோணமலை மக்கள் விமானப் பயணக்காலத்தின் கொடிய பொருளை முதன்முதலில் அறிந்துகொண்டனர். 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படை விமானங்கள், நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 9ஆம் நாள் காலையிலே திருகோணமலையைத் தாக்கின. காலை ஏழு மணியளவில், ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே ராடார் நிலையம் அவற்றைக் கண்டுகொண்டது. 90 மைல் என்பது நடந்து செல்வோனுக்கு நான்கைந்து நாட் பயணம். அன்று அதன் பொருள் அரைமணி நேரம் அல்லது அதனினும் குறைவு. அந்த இடைவெளியிலே சீனன்குடாவிலிருந்து போர்விமானங்கள் மேலெழுந்தன. துறைமுகமும் விமானத்தளமும் குண்டுகளுக்கு இலக்காயின. தாக்குதலின் பின் நகர மக்களிற் பலர் ஊரைவிட்டு அகன்றனர்.

அதே நாளில் நிகழ்ந்த மற்றொரு துயரம் தூரத்தின் இயல்பை இன்னும் தெளிவாக்குகிறது. தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கையினால் விமானந்தாங்கிக் கப்பலாகிய 'கேர்மிஸ்' முந்திய இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்தது. அதில் அப்பொழுது விமானங்கள் இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு அண்மையான கடலில் அதனைக் கண்டுகொண்ட ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். சீனன்குடாவிலிருந்து அவ்விடம் போர்விமானத்துக்குக் கால்மணி நேர அளவான தூரமே. ஆயினும், உதவிக்கு விமானங்கள் வந்து சேருமுன்னரே கப்பல் மூழ்கிவிட்டது. 1782இற் கியூஸ் சில நாட்களாற் பிந்தினார். 1942இற் பிந்திய காலம் நிமிடக் கணக்கினது. வேகம் கூடுந்தோறும் காலந்தாழ்த்தலின் அலகு சுருங்குகிறதேயன்றி, காலந்தாழ்த்தல் என்பது மறைந்துவிடுவதில்லை.

1957 ஒக்டோபரிலே பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். பேரரசின் கண்ணுக்கு இலண்டனிலிருந்து இத்தனை நாள், சிங்கப்பூரிலிருந்து இத்தனை நாள் என்று அளக்கப்பட்டு வந்த துறைமுகம், தன் சொந்த மாவட்டத்தின் துறைமுகமாகும் வாய்ப்பை அப்பொழுதே பெற்றது. ஆனால் அம்மாவட்டத்துக்குள்ளே தூரம் எவ்வாறிருந்தது?

திருகோணமலை நகருக்கும் மூதூருக்கும் இடையே கொட்டியாரக் குடா உள்ளது. கடலால் நேரே சென்றால் ஏறத்தாழ எட்டு மைல். கடற்கரையிலே நின்றால் ஓரூர் விளக்கு மற்றோரூருக்குத் தெரியும். ஆயினும் தரைவழியே செல்வோர் குடாவைச் சுற்றி, கிண்ணியாத்துறை முதலாகத் துறைகள்தோறும் இறங்கி, மக்கள் 'பாதை' என்று வழங்கும் மிதவையிலேறிக் கடந்து, நாளின் பெரும்பகுதியை வழியிலேயே செலவிட வேண்டியிருந்தது. நீர்நிலையிலே கிடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்னும் பெயர் அமைந்தது எத்துணைப் பொருத்தம்! அது வந்தால் வழியுண்டு, வராவிடின் வழியில்லை. மகாவலி பெருகும் மாரிக்காலத்திலே பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கும் பரீட்சைக்குச் செல்லும் மாணவனுக்கும் அத்துறைகளின் அகலம் எவ்வளவு என்பதை மீற்றரிலே கூறினால் விளங்காது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரிலேயாகும். உலகக் கடற்படைகள் மூன்று நூற்றாண்டுகளாக வந்துசென்ற துறைமுகத்தின் அயலூர், இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயிலேயே பாலத்தாற் பிணைக்கப்பட்டது.

போர்க்காலமும் தன் பங்குக்குத் தூரத்தைத் திருத்தி எழுதியது. 2006 ஓகஸ்டிலே ஏ-9 வீதி மூடப்பட்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களிற் பெரும்பாலோர் தெற்கே செல்வதற்குக் கப்பலேறித் திருகோணமலைக்கு வரவேண்டியிருந்தது. இரு நகரங்களுக்கும் இடையே நேர்தூரம் 200 கிலோமீற்றருக்கும் குறைவு. பறந்தால் அரைமணி நேரம். ஆனால் அப்பயணி முதலில் அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். பெயர் வரும்வரை நாட்கணக்கிற் காத்திருந்தார். சோதனைகளைக் கடந்து கப்பலேறினார். திருகோணமலையில் இறங்கி, மறுபடியும் சோதனைகளைக் கடந்து, பேருந்திற் கொழும்பு சென்றார். எந்திரம் கொடுத்த வேகத்தை ஆட்சியும் போரும் மீளப் பறித்துக்கொண்ட காலம் அது. நொக்ஸ் காத்திருந்ததும், பொயிட் காத்திருந்ததும், குடாநாட்டுப் பயணி காத்திருந்ததும் ஒரே இயல்பினவே. காத்திருத்தல் காற்றினாலும் நேரலாம்; காவலினாலும் நேரலாம்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். தூரத்தைத் தருவது இயற்கை. பயண வேகத்தைத் தருவது எந்திரம். ஆனால் ஓரூர் மற்றோரூருக்கு அண்மையானதா சேய்மையானதா என்பதை முடிவு செய்வது, பாதையை அமைப்போரின் நோக்கமே. சென்னையிலிருந்து திருகோணமலைக்கு வருவோர் இன்றும் பொதுவாகக் கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ இறங்கிப் பல மணி நேரம் தரைவழி வரவேண்டியவர்களாகவே உள்ளனர். ஒரு மணி நேர விமானப் பயணம் என்பது தேசப்படத்தில் உண்டு. பயணிக்கு அது ஒரு நாட் பயணம். கியூஸின் பதின்மூன்று நாட்களோடு ஒப்பிடும்போது இது பெரும் முன்னேற்றமே. ஆனால், அவரைத் தடுத்த தெற்குக் காற்றுப் போன்று இன்று நம்மைத் தடுக்கும் இயற்கைத் தடை எதுவும் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

இறுதியாக, வரலாறு பயிலும் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கியூஸ் புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும் நமக்குத் தெரியும். 'கேர்மிஸ்' மூழ்கிய நாளும் அதில் மாண்டோர் தொகையும் தெரியும். கடற்படைகள் கணக்கெழுதி வைத்தன. ஆனால் கிண்ணியாத்துறையிலே பாதைக்காக எத்தனை மணி காத்திருந்தனர், மூதூர் வள்ளம் எந்தெந்த மாதங்களில் ஓடவில்லை, கப்பலுக்குப் பெயர் கொடுத்தவர் எத்தனை நாள் பொறுத்திருந்தனர் என்பவற்றின் கணக்கு, அவற்றை அனுபவித்தோரின் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளது. அந்நினைவுடையோர் முதுமையடைந்து வருகின்றனர். பாதையை இயக்கியவரையும் துறையிற் காத்திருந்தவரையும் கண்டு, கேட்டு, எழுதிவைத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்பெறும்வரை திருகோணமலையின் வரலாறு அங்கு வந்துபோனோரின் வரலாறாகவே இருக்கும். அங்கு வாழ்ந்தோரின் வரலாறாக அமையாது.